துணைக்கு யார் வருகிறார்கள்?

மகனே,

நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைக்குக் காது குத்திய விருந்தில் நீ திரும்பத் திரும்பப் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். ஆகையால் நலம் விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. நான் கோபமாக இருக்கிறேன். வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, படுத்து, எழுந்து, இரண்டு நாள் சமைத்துச் சாப்பிட்டும் தணியாத கோபம். அதை எழுதித் தீர்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு உன் மனைவி வசந்தியின் பக்கம் திரும்பியது. அவளும் அவளுடைய ஆபீஸ் பெண்கள் சிலரும் இந்த மார்கழி ஞாயிறுகளில் நடக்கப் போவதாக யோசனை. ஒரு ஞாயிறு கோவளத்துக் கடற்கரை ஓரமாக, ஒரு ஞாயிறு பாலாற்று மணலில், ஒரு ஞாயிறு செஞ்சி மலையில். விடியலில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற நடை. அவள் அப்பா, "போயிட்டு வரட்டுமே மாப்பிள்ளை" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நீ சிரித்தாய். "எங்கம்மாவப் பாருங்க மாமா. அந்தக் காலத்து பி.ஏ. எங்க வம்சத்துலயே முதல்ல காலேஜ் போனவங்க. ஒரு நாள் துணையில்லாம தெருமுனை தாண்டினது கிடையாது. படிச்சதுக்காக ஒழுக்கத்த விட்டுட முடியுமா?" என்றாய். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தியும் பார்த்தாள். பிறகு பெரிய மனசு பண்ணி நீயே ஒரு வழியும் சொன்னாய்: "வேணும்னா அம்மா துணைக்குப் போகட்டும். அப்ப விடறேன்."

விடுகிறாயாம். அவள் என்ன, நீ நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காத்தாடியா?

எனக்குச் சபையில் பேச வராது. இது உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேசினாய். வகுப்பில் அறுபது பெண்களுக்கு முன்னால் நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். நீ என்னைப் பற்றி ஒரு பொய்யை ஊரார் முன்னால் சொன்னாய். அதை ஊரார் முன்னால்தான் மறுக்க வேண்டும். வசந்தியின் பெயரைப் போடலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

நீ பார்த்திராத என்னைச் சொல்கிறேன். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மதுவிலக்கு வந்திருந்தது. நாங்கள் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். உன் தாத்தா, நான் நைனா என்று கூப்பிடுவேன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் தெருவில் பெண்களில் நான்தான் முதல் பட்டதாரி. தெருக்காரர்கள் என் பெயரையே மறந்துவிட்டார்கள். "பி.ஏ. வருது, வழி விடு" என்று குழாயடியில் சொல்வார்கள். அதில் பெருமையும் உண்டு, நக்கலும் உண்டு. ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்குப் பூகோள ஆசிரியை வேலை கிடைத்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், வெளியே தெரிகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போவேன். பேசாதவர்களுக்குப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் கதீஜா. வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் அத்தா தோல் வியாபாரம். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்த தலையோடு தெருவில் வருவாள். ஆசிரியைகள் அறைக்குள் நுழைந்த நிமிஷம் வாய் திறந்தால் மணி அடிக்கும்வரை மூடாது. ஒரு நாள் நான் கழிமுகம் என்ற பாடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆறு கடலில் சேரும் இடம். கதீஜா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னா, பாம்பு தவளைய முழுங்குது?"

"கழிமுகம்."

"நீ பாத்துகிறியா?"

"புத்தகத்துல இருக்கு."

"எண்ணூர்ல கீதே அது இன்னா அப்ப? உங்க வூட்டு வாசல்லேந்து கல்லு வுட்டா வுழுமே. ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் ஆறு, மலை, கடல்னு கத வுடற. ஒண்ணும் பாத்ததில்ல. நல்லா கீது உன் பூகோளம்!"

எனக்கு முகம் சுட்டது. அவள் சொன்னது சரி. டிசம்பர் விடுமுறை வந்துகொண்டிருந்தது. கடல், ஆறு, மலை மூன்றையும் நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பெண்கள், சம்பாதிக்கிறவர்கள், பகல் வெளிச்சத்தில் நடக்கப் போகிறார்கள். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது?

இருந்தது. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தொணைக்கு ஆரு?" பக்கத்து வீட்டு ராணியம்மா, எங்கள் வீட்டு விஷயங்களைச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்தே விசாரிப்பவர், "இன்னாம்மா, உங்க வூட்டு பி.ஏ.வுக்கு டெய்லி காணும் பொங்கலா?" என்று குரல் கொடுத்தார். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கடலைப் பார்க்கிற நாள் அது ஒன்றுதான். கடலோரத்திலேயே பிறந்து, கடல் சத்தத்திலேயே தூங்கி, கடற்கரைக்கு வருஷத்துக்கு ஒரு முறை, குடும்பத்தோடு, கட்டுச்சோற்றோடு, ஆண்கள் முன்னால் நடக்க. நீ விருந்தில் ஒழுக்கம் என்று சொன்னாயே, அதற்கு எங்கள் தெருவில் இப்படித்தான் வருஷத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுத்திருந்தார்கள்.

துணைக்கு ஆள் கிடைத்தது. அம்மாவின் தம்பி கோவிந்து மாமா. நிரந்தர வேலை எதுவும் கிடையாது. வெள்ளை ஜிப்பா, வாய் நிறைய வெற்றிலை, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெரிந்த மூக்கு. எங்களுக்குத் துணையாக வர அவருக்கிருந்த தகுதி மீசை ஒன்றுதான். அதுவே போதும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கதீஜா வீட்டில்கூட, "மாமா கூட வரார்னா சரி" என்று விட்டார்கள். பார், அவர்களும் விட்டார்கள்.

முதல் நடை கடற்கரை. திருவொற்றியூரிலேயே கடற்கரையில் இறங்கி வடக்கே எண்ணூரை நோக்கி மணலில் நடந்தோம். மழைக்காலம் கரையைக் கடித்துத் தின்றிருந்தது. தென்னை வேர்கள் காற்றில் தொங்கின. பனி விலகாத நேரத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் துணி. அதில் கட்டுமரங்கள் கறுப்புக் கோடுகளாக வந்து, கிட்டே வந்ததும் மனிதர்களாக ஆயின. ஈர மணலில் காலை வைத்தால் குளிர் முழங்கால்வரை ஏறியது. பின்னால் தொழிற்சாலைச் சங்கு ஊதியபோது இரண்டு பேரும் பழக்கத்தில் நடையை வேகமாக்கி, பிறகு இன்று விடுமுறை என்று நினைவு வந்து சிரித்தோம். மாமா எங்களுக்கு முன்னால் நடந்தார். கட்டுச்சோற்றுக் கூடையை அவரே தூக்கிக்கொண்டார். "பொம்பளைங்க தூக்கக்கூடாது கண்ணு" என்றார். இவர் மேல் நமக்கு இத்தனை நாள் தப்பான அபிப்பிராயம் இருந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன்.

முகத்துவாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "இன்னாமே, வூட்ல சண்டையா? எங்க போய்கினு கீறீங்க?"

"சும்மா பாக்க வந்தோம்கா" என்றாள் கதீஜா.

"சும்மா பாக்கவா! கடலு இன்னா சினிமாவா? தொணைக்கு ஆரு?"

கதீஜா முன்னால் போகிற மாமாவைக் காட்டினாள். அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவள் தோளில் அடித்துச் சிரித்தாள். "அந்தாளா? அவன் உங்களுக்குத் தொணையா, நீங்க அவனுக்குத் தொணையா?" எல்லாரும் சிரித்தார்கள். மாமா திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார். ஏதோ வழக்கமான கேலி என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது நடை ஆறு. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலுக்கு வருகிற இடத்தைப் பார்த்தேன் மகனே. நான் கரும்பலகையில் வரைந்தது பொய். படத்தில் ஆறு ஒரு கோடு, கடல் ஒரு கோடு, இரண்டும் சேரும் இடம் ஒரு புள்ளி. நேரில் அப்படி ஒரு புள்ளியே இல்லை. ஆற்றின் மண் நிறம் எங்கே முடிந்து கடலின் பச்சை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஒரு நேரம் ஆறு உள்ளே தள்ளியது, கொஞ்ச நேரத்தில் கடல் திருப்பித் தள்ளியது. உப்பளங்கள் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கண்ணாடியாகக் கிடந்தன. அதில் ஒற்றைக் காலில் நின்ற நாரைகளுக்கு இரண்டு இரண்டு உடம்பு. பக்கிங்காம் கால்வாயில் பட்டணத்துக்கு விறகு ஏற்றிப் போகிற படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். ஓடத்தில் அக்கரைக்குப் போனதும் கதீஜா துப்பட்டியைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு வடமேற்கே கையை நீட்டினாள். வானத்தின் அடியில் நீலமாக ஒரு கறை. "அது மேகமா?" என்றேன். "மல" என்றாள். எங்கள் ஊரிலிருந்து மலை தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாமா சவுக்குத் தோப்பில் ஒரு தோஸ்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கூடையோடு போனார். நாங்கள் சாப்பிட்டு முடித்த கூடை. வெறும் வாழை இலைதான் இருந்தது. திரும்பி வந்தபோது அதில் கனம் இருந்தது. "கிளிஞ்சல் பொறுக்கினேன். சுண்ணாம்புக்கு ஆவும்" என்றார். இக்கரை வந்ததும், போலீஸ்காரர் கொட்டகை கண்ணில் படுகிற இடத்தில், "கொஞ்சம் புடி கண்ணு, தோள் வலிக்குது" என்று கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். அக்கரையிலிருந்து சாராயம் வராமல் பார்ப்பதற்காகப் போட்டிருந்த கொட்டகை அது. அங்கே இருந்த கான்ஸ்டபிளின் மகள் எங்கள் பள்ளியில் படித்தாள். "டீச்சருங்களா? போங்கம்மா, போங்க" என்று எழுந்து நின்றார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. தெருமுனையில் மாமா கூடையை வாங்கிக்கொண்டு தோஸ்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி ஆற்றுக்குப் போனோம். யோசனை மாமாவுடையது. "இன்னும் நெறைய கீது கண்ணு பாக்க" என்றார். திரும்பும்போது கொட்டகையில் கான்ஸ்டபிள் இல்லை. புதிதாக வந்திருந்த ஏட்டு இருந்தார். அவர் மகள் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. கூடையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வாழை இலையைத் தூக்கினார். அடியில், இரண்டு முனையும் கட்டப்பட்ட சைக்கிள் ட்யூப், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. முடிச்சை இளக்கியதும் சாராய நாற்றம் மூக்கில் அடித்தது.

நான் கோவிந்து மாமாவைப் பார்த்தேன். எங்கள் துணையை. அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஏட்டையா. அது அதுங்க கூடை. நான் சும்மா தொணைக்கு வந்தவன்."

என் நாக்கு, சொன்னேனே, ஒட்டிக்கொண்டது. கதீஜாவின் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. "யோவ், இன்னாயா சொன்ன?" என்று அவரிடம் பாய்ந்து, ஏட்டிடம் திரும்பினாள். "ஏட்டையா, நானு அஞ்சு வேள தொழுவுறவ. இந்தக் கலீஜத் தூக்கினு வருவனா? எங்க வாய மோந்து பாருங்க, அந்தாளு வாயயும் மோந்து பாருங்க. அப்பறம் கூடை ஆரோடதுன்னு சொல்லுங்க!"

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் வாயை மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் எங்களையும் அவுட்போஸ்ட்டுக்குக் கூட்டிப் போய் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். "படிச்ச பொண்ணுங்களாம்பா" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். நைனாவுக்கு ஆள் போயிற்று. அவர் துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கறை படிந்த காக்கியோடு வந்து, அந்த ஏட்டுக்கு முன்னால் கை கூப்பி நின்றார். என் பட்டமளிப்புக்கு வந்தபோதுகூட அவர் அந்தக் கையை அவ்வளவு உயரத் தூக்கவில்லை.

இதுவரை நடந்ததில்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஒரு கெட்ட மனிதர் ஒரு கெட்ட காரியம் செய்தார். என் கோபம் இதற்கு அப்புறம் நடந்ததில் இருக்கிறது. நன்றாகப் படி. வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. ராணியம்மா சுவரைவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். யாரும் மாமாவைப் பற்றிப் பேசவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்தாம இருந்தா அவனுக்கு இந்தப் புத்தி வந்துருக்குமாடீ?" என்றாள் அம்மா. "பாவம், பொட்டைங்களுக்குத் தொணைக்குப் போயி அந்தாளு பேஜார்ல மாட்டிகினாரு" என்றார் ராணியம்மா. பள்ளியில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, ஆசிரியைகள் வெளியிடங்களில் திரிவது நிர்வாகத்துக்குப் பிடிக்காது, இன்னொரு முறை காதில் விழுந்தால் வேலை இருக்காது என்றார். கதீஜாவுக்கு அவள் அண்ணன் துணையானார்; பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மாமா அபராதம் கட்டி வெளியே வந்து, பொங்கலுக்குள் எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். வஞ்சிர மீனின் நடுத்துண்டு அவருக்குப் போயிற்று. பரிமாறியவள் நான். "இன்னா கண்ணு, கோவமா?" என்று வேறு கேட்டார்.

துணை இல்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாரை பார்த்திருப்போம். புளிச்சோறு சாப்பிட்டிருப்போம். திரும்பியிருப்போம். எங்களுக்கு வந்த ஒரே ஆபத்து எங்களைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவர். இது எவ்வளவு எளிய கணக்கு! கதீஜாவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் விடை வரவில்லை. எல்லாரும் கூட்டிக் கழித்துக் கடைசியில் எங்கள் இருவரின் கால்களில்தான் வந்து நின்றார்கள்.

மலை பாக்கி இருந்தது. காணும் பொங்கலன்று போனோம். அன்று ஊரே கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அம்மா தூக்கில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். "நான் கதீஜாவோட போறேன்" என்றேன். "தொணைக்கு?" என்றாள், தலை நிமிராமல். "அதான் சொன்னேனே, கதீஜா" என்றேன். அவள் காதில் விழுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டேன். நைனா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அனுமதித்ததாக நீ எடுத்துக்கொள்ளாதே, யாரும் அனுமதிக்கவில்லை. கதீஜா அங்கே என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் அவள் தனியாக நின்றாள். இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, மேற்கே போகிற பஸ்ஸில் ஏறி, மலைக்குக் கிட்டே ஒரு கிராமத்தில் இறங்கினோம். பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசுகிற ஊர். கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்து, தெலுங்கில் அதே கேள்வியைக் கேட்டார். பாஷை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. கதீஜா என்னைக் காட்டி, "இவளுக்கு நானு" என்றாள். தன்னைக் காட்டி, "எனக்கு இவ" என்றாள். அந்த அம்மாள் யோசித்தார். இரண்டு பழங்களை எடுத்து, "நடங்கம்மா, வெயில் ஏறிடும்" என்று கையில் திணித்தார்.

நடந்தோம். நிரம்பிய ஏரிக்கரை, அதற்கு அப்பால் வேர்க்கடலைக் கொல்லை, அதற்கு அப்பால் புதர், பிறகு பாறை. எண்ணூரிலிருந்து நீலமாகத் தெரிந்தது கிட்டே வர வரப் பச்சையாகி, பழுப்பாகி, காலடியில் சாம்பல் நிறக் கல்லாயிற்று. மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் வற்றாமல் பாறை இடுக்கில் சலசலத்தது. அதில் கையை வைத்துப் பல் கிட்டும்வரை எடுக்காமல் இருந்தோம். மூச்சு வாங்க ஒரு மேட்டில் ஏறித் திரும்பினால், கிழக்கே நாடு முழுக்க விரிந்து கிடந்தது. ஏரிகள், தோப்புகள், ரயில் புகை ஒரு நூலாக, அதற்கும் அப்பால் வெளிச்சமாக ஒரு விளிம்பு. அது கடல். ஆறு எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று நான் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்றுதான் நானே படித்தேன். கதீஜா துப்பட்டியை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கொய்யாவைக் கடித்தாள். வாயாடியான அவள் அங்கே ஒன்றுமே பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. என் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது நினைவிருக்கிறது. அவ்வளவு உரக்க நான் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை மகனே. யாரும் எங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் எங்களைக் கொண்டு எதையும் கடத்தவில்லை. ஊர் கடற்கரையிலிருந்து திரும்புவதற்கு முன்னால் நாங்கள் வீட்டில் இருந்தோம்.

அடுத்த வருஷம் அவளுக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை வந்தது. எனக்கு உன் அப்பா வந்தார், கல்யாணத்தோடு பள்ளி வேலையும் நின்றது. உன் அப்பா நல்லவர். என்னை ஒரு நாளும் தடுத்ததில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "துணைக்கு யார்?" என்பார். கோபமாக அல்ல, அக்கறையாக. காய்கறிக்குப் போனாலும் அதே கேள்வி. பதில் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு நாள் அலுத்துவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். நீ பார்த்து வளர்ந்தது அந்த அம்மாவை. அவள் உட்கார்ந்திருந்ததற்கு நீ ஒழுக்கம் என்று பெயர் வைத்து, அதைக் கொண்டுபோய் இன்னொரு பெண்ணின் முகத்துக்கு எதிரே நீட்டுகிறாய். அது ஒழுக்கம் இல்லையடா. அது அலுப்பு. என் அலுப்பை எடுத்து வசந்தியைக் கட்டிப் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவளை நீ அடிக்கவில்லை, திட்டவில்லை, எனக்குத் தெரியும். உன் அப்பாவும் அதெல்லாம் செய்ததில்லை. ஆனால் ஒரு மனுஷியை வீட்டுக்குள் உட்கார வைக்க அந்த ஒரு கேள்வி போதும். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

ஒன்றை யோசித்துப் பார். உனக்கு உண்மையாகவே பயமென்றால் அவளிடம், "எந்தப் பஸ், எப்போது திரும்புவீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டிருப்பாய். அது அக்கறை, அதற்கு அவள் சந்தோஷமாகப் பதில் சொல்வாள். நீ அதையெல்லாம் கேட்கவில்லை. ஒழுக்கம் என்றாய்; ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் ஊர் என்ன சொன்னது என்று இப்போது உனக்குத் தெரியும். சாராயம் கடத்தியவனுக்கு நடுத்துண்டு வைத்த ஊர் அது. அதன் வாயிலிருந்து நல்ல பெயர் வாங்க உன் மனைவியை ஏன் அனுப்புகிறாய்? உனக்குத் தேவையென்றால் நீயே போய் வாங்கிக்கொள்.

இனி, நீ சொன்ன வழி. நான் துணைக்குப் போக மாட்டேன். முழங்கால் வலி ஒரு காரணம், ஆனால் அது காரணமில்லை. செஞ்சி மலையை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். வசந்தியும் நேற்று வந்து, "அத்தை, நீங்களும் வாங்களேன், மெதுவா ஏறலாம்" என்று கூப்பிட்டாள். பிறகு என்னால் முடியும் என்று தோன்றுகிற ஒரு நாளில் அவளுடைய சிநேகிதியாக நிச்சயம் போவேன். இந்த ஞாயிறு போனால் நீ அனுப்பிய ஆளாகப் போவேன். நாளைக்கு நான் இல்லாதபோது அவளுக்கு யார் துணை என்ற கேள்வி அப்படியே நிற்கும். எந்த வீட்டிலும் யாருக்கும் நான் கோவிந்து மாமாவாக இருக்கத் தயாரில்லை. என் கையில் கூடை இல்லாவிட்டாலும்கூட.

குழந்தையை என்னிடம் கொண்டுவந்து விடலாம் என்றும் எண்ணாதே. ஞாயிறு உனக்கு விடுமுறை. பால் எப்படிக் காய்ச்சுவது, புண் ஆறாத காதில் தண்ணீர் படாமல் எப்படிக் குளிப்பாட்டுவது என்று வசந்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள். அவள் நன்றாகச் சொல்லித் தருவாள்.

இந்த ஞாயிறு செஞ்சிதானாம்; முதல் பஸ் விடியற்காலையில் புறப்படுகிறதாம். அவள் கிளம்பும்போது நீ எழுந்து வந்து வழியனுப்பினால் சந்தோஷம். தூக்கம் கலையாவிட்டால் படுத்திரு. உங்கள் வாசல் கதவைப் பார்த்தேன்; தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. அவளுக்குக் கை எட்டும்.

உன் அம்மா